தயிர்க்காரி படுக்கவில்லை

ராயபுரத்தில், மொட்டைமாடிக்குப் போய் எட்டிப் பார்த்தால் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கள் தெரியும் தூரத்தில், மழைக்கு முன்னால் வெள்ளையடிக்க வேண்டும் என்று ஆறு வருஷமாகத் தீர்மானம் போட்டும் அடிக்காமலே நிற்கிற எங்கள் அலைமகள் குடியிருப்பில், நாலாவது மாடியில், என் எதிர்வீட்டில், விஜயதசமியன்று சாயங்காலம் ஏழரை மணிக்குப் படுக்க வைத்த ஒரு மண் பொம்மை எழுந்து நின்றது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலம் கொடுக்கிற அவசரத்தில், சுண்டல் கடைசி ஆள் வரைக்கும் வருமா என்கிற கவலையில், ஒரு சாண் உயரப் பொம்மை நிற்கிறதா படுத்திருக்கிறதா என்று யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

நான் ரெஜினா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவள்தான், ஆனாலும் பதினெட்டு வருஷமாக மங்கையர்க்கரசி வைக்கிற கொலுவில் முதல் நாள் முதல் தாம்பூலம் எனக்குத்தான் என்பதால் அதன் சட்டதிட்டங்கள் எனக்கு அத்துப்படி. படிகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். கலசம் வைத்தவளே காலையும் மாலையும் விளக்கேற்றிப் படைக்க வேண்டும். கொலு இருக்கிற வீட்டைப் போட்டுவிட்டு அவள் வெளியூர் போகக்கூடாது. பத்தாம் நாள் ஆரத்தி எடுத்தபிறகு ஏதாவது ஒரு பொம்மையைப் படுக்க வைத்தால்தான் கொலு முடிந்தது என்று அர்த்தம், அதுவரை ஒரு பொம்மையையும் பெட்டிக்குள் வைக்க முடியாது. மங்கை வருஷா வருஷம் படுக்க வைப்பது தயிர்க்காரியை. தலையில் பானை, ஒரு கை பானையில், இன்னொரு கை இடுப்பில். பத்து நாளும் பானையைச் சுமந்துகொண்டு நின்றவள் முதலில் படுக்கட்டும் என்பாள்.

அந்த வருஷம் மங்கைக்கு அவசரம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் தமிழ் டீச்சராக இருந்தவள், அப்புறம் இருபத்திரண்டு வருஷம் வீட்டோடு இருந்தவள், மகள் தேன்மொழி கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போனபிறகு யாருக்கும் சொல்லாமல் எங்கெங்கோ விண்ணப்பம் போட்டு, அந்தமானில் ஒரு தனியார் பள்ளியிலிருந்து வேலைக்கு உத்தரவு வாங்கிவிட்டாள். விஜயதசமி கழிந்து நாலாம் நாள் கப்பல். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பெட்டி கட்டி வாசலருகே வைத்தாகிவிட்டது. அவள் புருஷன் தணிகாசலம் தங்கமான மனுஷன், குரல் உயர்த்திப் பேசியதை நான் கேட்டதில்லை. "போயேன், ரெண்டு வருஷம்தானே" என்று சொல்லியிருந்தார். அவள் போகவே மாட்டாள் என்கிற நம்பிக்கையில்தான் அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறார் என்பது பிற்பாடுதான் எங்களுக்கு உறைத்தது.

ஆரத்தி முடிந்து தயிர்க்காரியைப் படுக்க வைத்த கையோடு, குடியிருப்போர் சங்கச் செயலாளர் வரதராஜுலு மூச்சு வாங்க மாடியேறி வந்தார். பின்னாலேயே கொலுப் போட்டி நடத்துகிற மாதர் சங்கத்தார் மூன்று பேர். எங்கேயோ மாட்டிக்கொண்டு நேரமாகிவிட்டதாம். படுத்த பொம்மையோடு படம் எடுத்தால் முடிந்துபோன கொலுவாகத் தெரியும், ஒரே ஒரு நிமிஷம் அதை நிற்க வையுங்கள் என்றார்கள். மங்கை என் முகத்தைப் பார்த்தாள். வந்தவர்களை மறுத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. "எழுப்பினா என்ன மங்கை, வந்தவங்க மனசு கோணக்கூடாது" என்று சொன்னவள் நான்தான். அவள் எழுப்பினாள். படம் எடுத்தார்கள். ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் கூடை கிடைத்தது. அவர்கள் படியிறங்கினதும் மங்கை பொம்மையை மறுபடி படுக்க வைத்துவிட்டு எனக்கு வெற்றிலை எடுக்கத் திரும்பினாள், திரும்பிப் பார்த்தால் தயிர்க்காரி நிற்கிறாள்.

அப்புறம் எத்தனையோ செய்து பார்த்தோம். மெத்தை வைத்துப் படுக்க வைத்தோம், தாலாட்டுப் பாடிப் படுக்க வைத்தோம், சணல் கயிற்றால் பலகையோடு சேர்த்துக் கட்டிப் படுக்க வைத்தோம், வேறு பொம்மையையாவது படுக்க வைக்கலாம் என்று செட்டியாரையும் செட்டிச்சியையும் படுக்க வைத்தோம், எல்லாம் கண்ணை எடுக்கிற வரைக்கும்தான், கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் போட்ட கயிறு போட்டபடி கிடக்க, எல்லாரும் அவரவர் இடத்தில் நேராக நின்றார்கள். எழுவதை ஒருத்தரும் பார்த்ததில்லை. கோயில் குருக்களைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, அவர் சுண்டலை மென்றுகொண்டே, கொலு முடியவில்லை, அவ்வளவுதானே, முடிகிற வரைக்கும் நடத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அரைகுறையாக விட்டுவிட்டுப் போனால் பெற்ற பிள்ளைக்கு ஆகாது என்று மாடிக்கு ஒருத்தர் வந்து சொன்னார்கள். மங்கை படித்தவள், இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தள்ளுகிறவள். ஆனால் பிள்ளையைச் சொன்னால் எந்தப் படிப்பு நிற்கும்? தேன்மொழியோ போனில் "எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா, நீ கிளம்பு" என்று தினமும் சொன்னாள். அவள் அப்படிச் சொல்லச் சொல்ல மங்கைக்குப் பயம்தான் கூடியது. முதல் கப்பல் அவள் இல்லாமல் போனது. பள்ளிக்கு எழுதிக் கேட்டாள், தீபாவளி கழித்து வாருங்கள் என்று பதில் வந்தது.

குடியிருப்புக்கோ கொண்டாட்டம். கொலுவின் பதினைந்தாம் நாள் தண்டையார்ப்பேட்டையிலிருந்தும் வண்ணாரப்பேட்டையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், இருபதாம் நாள் தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் பிடித்து வந்தார்கள். ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் இந்தப் பருவத்தில் குடும்பத்தோடு போய்ப் பார்க்க ஏற்ற இடங்கள் என்று போட்டு, மீன் காட்சிச் சாலைக்கும் பொருட்காட்சிக்கும் நடுவில் எங்கள் நாலாவது மாடியையும் சேர்த்துவிட்டார்கள். வரதராஜுலு கீழ்த்தளத்தில் செருப்பு விட இடம் ஒதுக்கினார், படிக்கட்டில் ஏறுகிறவர்கள் இடப்பக்கம், இறங்குகிறவர்கள் வலப்பக்கம் என்று கயிறு கட்டினார், லிப்ட் வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் மட்டும் என்று எழுதி ஒட்டினார். பலூன்காரர் வந்தார், பஞ்சுமிட்டாய்க்காரர் வந்தார், இரண்டாவது மாடி பாத்திமா வாசலில் மேஜை போட்டுக் குழந்தைகளுக்கு மருதாணி வைத்துவிட்டாள். ஐந்து வருஷமாகப் பேசிக்கொள்ளாத மூன்றாவது மாடிக்காரர்கள் இருவரும் வரிசையை ஒழுங்குபடுத்துகிற சாக்கில் பேசத் தொடங்கினார்கள். எனக்கும், புருஷன் போய் ஏழு வருஷமாகச் சாயங்காலம் ஆனால் தொலைக்காட்சியைத் தவிர வேறு குரல் கேட்காத எனக்கும், வாசலைத் திறந்தால் திருவிழா.

மங்கைக்கு மட்டும் விடியற்காலையில் குளியல், விளக்கு, படையல், பிறகு அடுப்படி. கொண்டைக்கடலை, பட்டாணி, காராமணி, மொச்சை, கொள்ளு, பாசிப்பயறு, வேர்க்கடலை, திரும்பவும் கொண்டைக்கடலை என்று அவள் கிளறிக்கொண்டே இருந்தாள். நாங்கள் உதவிக்குப் போனால் தேங்காய் துருவலாம், கிளறுவது கலசம் வைத்தவள் கையால்தான் என்று யாரோ சட்டம் சொல்லிவிட்டார்கள். வந்த குழந்தைகளெல்லாம் ஒரே பாட்டைப் பாடின, அதை அவள் நூறு தடவை முகம் சுளிக்காமல் கேட்டாள், எல்லார் நெற்றியிலும் குங்குமம் வைத்தாள். வந்தவர்கள் ஆசையாகப் பொம்மை வேறு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒன்பது படி நிறைந்துவிட்டது. பத்தாக்கினால் இரட்டைப்படை ஆகிவிடும் என்று பதினொன்றாக்கப் பலகை தேடினோம், ஒரு படிக்குத்தான் கிடைத்தது. அப்போது யாரோ வாசலருகே இருந்த அவள் பெட்டியை இழுத்து வந்து பதினோராவது படியாக முன்னால் கிடத்தி, மேலே வெள்ளை வேட்டி விரித்து, மண் கொட்டிக் கேழ்வரகு தூவிப் பூங்கா அமைத்துவிட்டார்கள். மூன்றே நாளில் பச்சைப் பசேலென்று முளைத்து, மேலே யானையும் மானும் மேய, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மங்கை சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் புடவையெல்லாம் அதுக்குள்ளதான்கா இருக்கு" என்று என்னிடம் சொன்னாள். நான் என் புடவை இரண்டை எடுத்துக் கொடுத்தேன்.

தீபாவளியும் அந்தக் கொலுவோடேயே வந்தது. முப்பதாம் நாள் அது. தெரு முழுக்க வெடித்த வெடியில் பொம்மைகள் படியில் அதிர்ந்துகொண்டே இருந்தன. மறுநாள் விடியற்காலையில் பால் பாக்கெட் எடுக்க நான் கதவைத் திறந்தேன். எதிர்வீட்டுக் கதவு எப்போதும் போல ஒருக்களித்துத் திறந்திருந்தது. ஐந்தாவது படியில் தயிர்க்காரி படுத்திருந்தாள். யாரும் படுக்க வைக்காமல், பானையை ஒருபக்கமாகச் சாய்த்து, அலுத்துப்போனவள் படுக்கிற படுக்கையாகப் படுத்திருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மங்கையைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் தணிகாசலம் உள்ளேயிருந்து வந்தார். பொம்மையைப் பார்த்தார். அடுப்படியில் குக்கர் வைக்கிற சத்தம் கேட்கிறதே அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு பொம்மையை எடுத்து நிற்க வைத்துவிட்டு நிமிர்ந்தபோது என்னைக் கண்டார்.

"பால் வந்துடுச்சாக்கா?" என்றார்.

"வந்துடுச்சு" என்றேன்.

அவ்வளவுதான் நாங்கள் பேசிக்கொண்டது. ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டேன். சொன்னால் அவள் போய்விடுவாள், எதிர்வீட்டுக் கதவு சாத்திவிடும், படிக்கட்டு பழையபடி காலியாகிவிடும், அதுதான் காரணம். வேறு காரணம் சொன்னால் பொய்.

முப்பத்துமூன்றாம் நாள் இரண்டாவது கப்பல். மத்தியானம் அது சங்கு ஊதியபோது மங்கை கரண்டியோடு பால்கனிக்கு ஓடிப் போய் நின்றாள். அழுதாள், சத்தம் வராமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. தணிகாசலம் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்து, அவள் கண்ணைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டார். என்ன அருமையான புருஷன் என்று வரிசையில் நின்ற பெண்கள் பேசிக்கொண்டார்கள். பள்ளியிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. இது கடைசி, அடுத்த கப்பலில் வராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள்.

தயிர்க்காரி அதன்பிறகு நாளுக்கு ஒருதரம் படுத்தாள், அப்புறம் நாளுக்கு மூன்று தரம், கந்தசஷ்டி வருவதற்குள் மணிக்கு ஒருதரம். தணிகாசலம் ஒருவரால் சமாளிக்க முடியவில்லை. வரதராஜுலுவுக்குத் தெரிந்தது, பாத்திமாவுக்குத் தெரிந்தது, பிறகு முப்பத்திரண்டு வீட்டுக்கும் தெரிந்தது. யாரும் யாருக்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. படி அருகே யாராவது ஒருவர் எப்போதும் நின்றோம். பூவைச் சரிசெய்கிறாற்போல, திரியைத் தூண்டுகிறாற்போல, குழந்தை தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்கிறாற்போல கையை நீட்டி, சாய்கிறவளை நிமிர்த்தினோம். மங்கை உள்ளே கிளறிக்கொண்டிருந்தாள். படைக்க வெளியே வருகிற நேரத்தில் பொம்மை நேராக நின்றது. அவள் ஒவ்வொரு சாயங்காலமும் அதைப் படுக்க வைத்துப் பார்ப்பாள், கண்ணை மூடி வேண்டிக்கொள்வாள், அந்த இரண்டு நொடியில் எங்களில் ஒருவர் கை போய் அதை நிமிர்த்திவிடும். கண்ணைத் திறந்து பார்ப்பாள். "இன்னும் இல்ல" என்பாள். நாங்களும் ஐயோ பாவம் என்போம்.

நாற்பத்திரண்டாம் நாள் மூன்றாவது கப்பல், மத்தியானம் புறப்பாடு. அன்று விடிந்தும் விடியாமலும் இருக்கும்போது தணிகாசலம் என் கதவைத் தட்டினார். போனேன். பொம்மை நிற்கவே மாட்டேன் என்கிறது. சந்தனத்தை அப்பிப் பார்த்தோம், தீப்பெட்டியை முட்டுக் கொடுத்துப் பார்த்தோம், சரிந்து சரிந்து படுத்தது. கடைசியில் அவர் ஆள்காட்டி விரலை அதன் முதுகில் வைத்தார். விரல் இருந்தால் நின்றது. நான் விரலை மறைக்க முல்லைச் சரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் மங்கை நிற்பது தெரிந்தது. தூங்காத கண். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

நான்தான் சொன்னேன். "தீபாவளிக்கு மறுநாள்லேருந்து மங்கை."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். எண்ணிக்கொண்டே வந்து ஒரு விரலில் நின்றாள். "அந்தக் கப்பல் போச்சே, அன்னைக்கும் படுத்துச்சா?"

"ஆமா" என்றார் தணிகாசலம்.

"எழுப்பி வச்சிட்டுத்தான் எனக்குக் காபி போட்டீங்களா?"

"ஆமா மங்கை. நீ இல்லாத வீட்ல எனக்கு எப்படி இருக்கணும்னு தெரியாது."

மங்கை கத்தவில்லை, அழவுமில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கீழே உட்கார்ந்து தன் பெட்டியின் கைப்பிடியைத் தேடிப் பிடித்து இழுத்தாள். முழங்கால் உயரம் வளர்ந்திருந்த கேழ்வரகுப் பயிர் மண்ணோடு பெயர்ந்து விழுந்தது, யானையும் மானும் தரையில் உருண்டன. ஈரத்தில் பெட்டியின் ஓரம் பூசணம் பிடித்திருந்தது. அதைத் துடைத்தாள், குளித்தாள், ஒரே ஒரு தம்ளர் காபி போட்டுக் குடித்தாள். கலசத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றிக் கும்பிட்டாள். தணிகாசலம் அவ்வளவு நேரமும் விரலை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம், எடுக்கக்கூடாது என்று யாரும் தடுக்கவுமில்லை, ஆனாலும் மனுஷன் எடுக்கவில்லை.

நான் பெட்டியைத் தூக்கக் கை கொடுத்தேன். "வேணாம்கா" என்றாள். பதினெட்டு வருஷத்தில் அவள் எனக்குச் சொன்ன முதல் மறுப்பு அது.

வாசலில் நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்குன்னு யாரும் அதைப் பிடிச்சிக்கிட்டு நிக்க வேணாம். எப்ப விடணும்னு உங்களுக்குத் தோணுதோ அப்ப விடுங்க" என்றாள். பெட்டி படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு இறங்குகிற சத்தம் நாலு மாடிக்கும் கேட்டது. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து, அவளைப் பார்த்து, மூடிக்கொண்டது.

ஒன்பது மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அறுபது பேர் வந்துவிட்டார்கள். கொலு அம்மா எங்கே என்று அவர்களுடைய டீச்சர் கேட்டார். வெளியே போயிருக்கிறாள் என்றேன். பிள்ளைகள் பாடின. தணிகாசலம் படிக்கு அருகே அசையாமல் நின்றுகொண்டு, வலது கை நடுங்கினால் இடது கைக்கு மாற்றிக்கொண்டு, எல்லாருக்கும் தலையாட்டினார். மத்தியானம் கப்பல் சங்கு ஊதியது. அவர் பால்கனிப் பக்கம் போக ஒரு எட்டு வைத்தார், பொம்மை சாய்ந்தது, திரும்பி வந்துவிட்டார். "ரெஜினாக்கா, கொஞ்சம் பிடிங்களேன்" என்றார். நான் போய்ப் பிடித்தேன்.

அன்றிலிருந்து முறை வைத்துப் பிடிக்கிறோம். வரதராஜுலு நேரம் பிரித்து எழுதியிருக்கிறார். முப்பத்திரண்டு வீட்டிலும் யாரும் முறையை விட்டுவிட்டு வெளியூர் போக முடியாது, கல்யாணம் கருமாதி என்றால் முறையை மாற்றிக்கொள்ள அலைய வேண்டும். பார்க்க வருகிறவர்கள் நின்றுபோனார்கள், பலூன்காரர் வருவதில்லை, சுண்டல் இல்லை. ஆனாலும் விடவில்லை. பொம்மை நிற்கிற வரைக்கும் கொலு முடியவில்லை, கொலு முடியவில்லை என்றால் கலசம் வைத்தவள் அதை முடிக்க வந்தே ஆக வேண்டும் என்பது தணிகாசலத்தின் கணக்கு. அதைத் தப்பு என்று சொல்ல எங்களுக்கு யோக்கியதை கிடையாது.

மங்கை ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்கிறாள். எட்டாம் வகுப்பு அவளுக்குக் கொடுத்திருக்கிறார்களாம், பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களாம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே கடலாம். சாப்பிட்டீங்களா என்று அவரைக் கேட்பாள், உடம்பு எப்படி என்று என்னைக் கேட்பாள். கடைசியில் தயிர்க்காரி படுத்தாளா என்று கேட்பாள். இன்னும் இல்லை என்று அவர் சொல்வார். சரி என்று வைத்துவிடுவாள்.

சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை என் முறை. தணிகாசலம் அப்போதுதான் கொஞ்சம் கண்ணயர்வார். விரலுக்கடியில் அந்த மண் முதுகு நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே வருகிறது, அவ்வளவு தூக்கம் அவளுக்கு. விரலை எடுத்தால் போதும், அவள் படுத்துக்கொள்வாள், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். இன்றைக்கு எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் வருகிறேன். ஆறு மணிக்கு பாத்திமா வந்து தன் விரலை வைக்கிறாள், நான் என் விரலை எடுத்துக்கொள்கிறேன்.